இசைப் பாடநூலைத் தேர்வது எவ்வாறு?

இலக்கண நூலொன்றை வாங்கும் தமிழாசிரியர் உரையைப் புரட்டிப் பார்ப்பார். பதிப்பாசிரியர் யாரென்று கேட்பார். அச்சுப் பிழை மிகுந்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அதே ஆசிரியர் பள்ளிக்கு ஓர் இசைநூல் வாங்கப் புகுந்தால் இக்கண்டிப்பு எங்கோ போய்விடுகிறது. அட்டையில் ஒரு வீணை, உள்ளே இத்தனை பாட்டு, விலையும் பரவாயில்லை. நூல் பள்ளிக்கு வந்துவிடுகிறது. பட்டணத்துப் பிள்ளைக்கு இதனால் பெருங்கேடு இல்லை. அவனுக்கு வாரந்தோறும் பாட்டு வாத்தியார் வருகிறார். நூல் பிழைத்தாலும் அவர் வாய் பிழைக்காது. பாட்டு வாத்தியார் எட்டிப் பாராத தோட்டப்புறத்துப் பிள்ளைக்கோ அந்நூலே பாதி ஆசான். நூலிலுள்ள பிழை அவன் குரலிலே ஏறி உட்கார்ந்துவிடும்.

இசைநூலுக்கும் ஏனைய நூல்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உரைநடையில் ஒரு புள்ளி விழுந்தால் படிப்பவன் தானே திருத்திக்கொள்வான். சுர எழுத்தின்மேல் நிற்கும் புள்ளி மேல்தாயியைக் காட்டுவது. கீழ் நிற்கும் புள்ளி கீழ்த்தாயியைக் காட்டுவது. அது விழுந்தால் மேலே ஏற வேண்டிய குரல் கீழே இறங்கும். குறில் எழுத்து ஓர் அட்சரம், நெடில் இரண்டு. நீட்டத்தைக் காட்டும் காற்புள்ளி ஓர் அட்சரம், அரைப்புள்ளி இரண்டு. எழுத்தின் தலைமேல் ஒரு கோடிட்டால் இரண்டாங்காலம். இரு கோடிட்டால் மூன்றாங்காலம். இத்துணைச் சிறு குறிகளின் மீதே இசைநூலின் உயிர் நிற்கிறது. படியெடுத்த நூலைப் பின்னும் படியெடுத்து வகுப்பில் வழங்கும் வழக்கத்தில் முதலில் மறைபவை இக்குறிகளே.

ஆகவே முதற் சோதனைக்கு இசைப் புலமை வேண்டுவதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். ஆதி தாளத்துக்கு ஓர் ஆவர்த்தம் 8 அட்சரம். சரளிவரிசையின் முதல் வரி ‘ச ரி க ம | ப த | நி ச ||’ என்று 4, 2, 2 ஆகப் பிரிந்து நிற்க வேண்டும். ரூபகத்துக்கு 6. ஏழு தாள அலங்காரங்களில் துருவத்துக்கு 14, மட்டியத்துக்கு 10, சம்பைக்கு 10, திரிபுடைக்கு 7, அடதாளத்துக்கு 14, ஏகத்துக்கு 4. கடையில் நின்றபடியே நான்கைந்து பக்கங்களை விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். மூன்று இடத்தில் கணக்குத் தவறினால் அந்நூலை மெய்ப்புப் பார்த்தவர் பாடிப் பார்க்கவில்லை என்று துணியலாம்.

அடுத்து, நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பது. முத்துசாமி தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். 72 மேளகர்த்தாக்களின் முறையில் இராகங்களை வகுத்து, இலக்கணமும் உருப்படிகளும் தந்த பெருநூல் அது. சுரத்தை எந்த அசைவோடு பிடிப்பது என்பதற்கும் தனித்தனிக் குறிகள் அமைத்தார். தெலுங்கெழுத்தில் இருந்த அந்நூலைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் தமிழெழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. இதனைப் பள்ளி நூலகத்துக்கு வாங்கிவிட்டால் இசைப்பாடம் நிறைவுற்றது என்று எண்ணுவார் உளர். அப்பெரியவரோ அவ்வாறு எண்ணவில்லை. 1905ஆம் ஆண்டிலேயே தொடக்க மாணவர்க்கென்று ‘பிரதமாப்யாச புஸ்தகமு’ எனத் தனியே ஒரு சிறுநூல் எழுதினார். களஞ்சியம் வேறு, பாலபாடம் வேறு என்பதைக் களஞ்சியம் கண்டவரே உணர்ந்திருந்தார்! இன்று விற்கும் நூல்கள் பலவற்றில் இவ்வேறுபாடு இல்லை. நாற்பது பக்கத்துக்குள் சரளிவரிசை முதல் தில்லானா வரை வந்துவிடுகிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் வைக்க இடமில்லை.

பழைய படிமுறையில் உள்ள நுட்பத்தை நூலாசிரியர் அறிந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். புரந்தரதாசர் வகுத்ததாகக் கூறப்படும் முறையில் பாடம் 15ஆம் மேளமான மாயாமாளவகௌளையில் தொடங்குகிறது. அதன் முற்பாதியும் பிற்பாதியும் ஒரே அளவுடையவை. ச, ரி அணுக்கம். ரி, க அகலம். க, ம அணுக்கம். மேலே ப, த அணுக்கம். த, நி அகலம். நி, ச அணுக்கம். ஒன்றைக் கற்ற காது மற்றதைத் தானே பிடிக்கிறது. அசைவின்றி நேராகப் பாடினாலும் காதுக்கு ஒவ்வாமல் போவதில்லை. தோடியில் அவ்வாறு தொடங்கினால் முதல் நாளே பொய்யான தோடியைத்தான் கற்பிக்க நேரும். வரிசைகள் முடிந்ததும் வரும் கீதங்கள் மலகரியில் அமைந்தவை. அவ்விராகத்தில் நிடாதம் இல்லை. ஏறும்போது காந்தாரமும் இல்லை. ஏழு சுரத்தில் பழகிய பிள்ளைக்குச் சிலவற்றை விட்டுப் பாடும் கட்டுப்பாடு இவ்விடத்தில் அறிமுகமாகிறது. ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயரின் ‘கானாம்ருத போதினி’ இத்துணைப் பரவியதற்கு இப்படிமுறையைக் குலைக்காமல் கொண்டு சென்றதே பெருங்காரணம் எனலாம். அதுபோன்ற நூல்களில் அசைவுக் குறி எதிர்பார்க்கலாகாது. அதற்கு ஆசிரியர் வாய் வேண்டும். குறையென்று சொல்வதைவிட எல்லை என்று சொல்வது தகும்.

இனிச் சொல்லின் கதை. தொடக்கக் கீதங்கள் வடமொழியிலும் கன்னடத்திலும் அமைந்தவை. அவற்றைத் தமிழெழுத்தில் அச்சிடுவோர் ககரத்தின் நால்வகை ஒலியைக் காட்ட 1, 2, 3, 4 என எண்ணிடுகின்றனர். அதே நூல் இராக இலக்கணத்தில் ரி1, க3 என்று சுரத்தின் வகைக்கும் எண்ணிடுகிறது. ஒரே பக்கத்தில் ஒரே எண்ணுக்கு இரு பொருள். விளக்கம் எங்கும் இராது. பொருளும் தெரியாமல் ஒலியும் தெளியாமல் ஒரு பத்து வயதுப் பிள்ளை ஆண்டு முழுதும் பாடுவது முறைதானா? ஆபிரகாம் பண்டிதர் இதற்கு அன்றே வழி கண்டார். ஆசிரியப் பணி செய்து பழகியவர் அவர். 1917இல் வந்த ‘கருணாமிர்த சாகர’த்தை எல்லாரும் அறிவர், அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1907இல், பயில்வோர்க்கென்று தமிழிலேயே பாட்டியற்றிச் சுரத்தோடு ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ வெளியிட்டதை அறிந்தோர் சிலரே. பழைய கீதங்களைத் தள்ள வேண்டுமென்பதில்லை. அவற்றோடு தமிழ்க் கீதமும் உள்ள நூல் கிடைக்கும்போது அது இல்லாததை வாங்குவானேன்?

தமிழ்ப்பாட்டு இருந்துவிட்டால் மட்டும் போதாது. சுரத்தின்கீழ் சொல்லை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று தமிழாசிரியரே பார்க்க வேண்டும். இது பாட்டு வாத்தியார் கண்ணுக்குத் தப்பும். தெலுங்கெழுத்தில் கூட்டெழுத்து அடுத்த எழுத்தோடு ஒட்டி நிற்கும். அங்கே அது இயல்பு. அம்முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்து ‘அன்பின்’ என்பதை ‘அ’ ஒரு சுரத்திலும் ‘ன்பின்’ அடுத்த சுரத்திலுமாக அச்சிடுகின்றனர். பிள்ளை ‘அ’வென்று நீட்டி, மூச்செடுத்து, ‘ன்பின்’ என்கிறான். ஒற்றில் தொடங்கும் சொல் தமிழில் ஏது? ‘அன்’, ‘பின்’ என்று பிரித்த நூலில் இத்தொல்லை இல்லை.

திருமுறை ஓதும் போட்டிகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்வோர் தேவார நூல் தேர்வதிலும் கருத்துச் செலுத்த வேண்டும். தேவாரப் பதிப்புகளில் தலமுறை உண்டு, பண்முறை உண்டு. வழிபாட்டுக்குத் தலமுறை எளிது. இசை கற்பிக்கப் பண்முறையே பயன்படும்; ஒரு பண்ணில் அமைந்த பதிகங்கள் அடுத்தடுத்து நிற்பதால், ஒன்றைக் கற்றவன் அடுத்ததைத் தானே எட்டிப் பிடிப்பான். தலைப்பில் பண்ணின் பெயரோடு ஓதுவார் மரபில் வழங்கும் இராகத்தின் பெயரும் இருப்பது நலம்: கௌசிகத்துக்குப் பைரவி, புறநீர்மைக்குப் பூபாளம், மேகராகக் குறிஞ்சிக்கு நீலாம்பரி என்றவாறு. இராகப் பெயரை மட்டும் இட்டுப் பண்ணின் பெயரை விட்டுவிடும் தொகுப்புகளும் உள. அவற்றை வாங்குவதைக் காட்டிலும் வாங்காமலிருப்பது மேல்.

ஆசிரியர் தமக்கெனப் படிக்க விரும்பினால், பி. சாம்பமூர்த்தியின் ஆங்கில நூல்கள் உள. இசை கற்பித்தல் பற்றியே அவர் தனிநூல் எழுதியிருக்கிறார். பயிற்சி பெற்ற ஆசிரியர்க்கு அது நன்கு விளங்கும்.

இக்காலத்தில் கைப்பேசியிலேயே சுருதியும் கிடைக்கிறது, பாடமும் கிடைக்கிறது. சுருதி பெரும்பேறு, தம்புராவுக்குப் பணம் திரட்ட முடியாத பள்ளிக்கும் இனித் தடையில்லை. ஒலிப்பதிவைத் தேர்வதில்தான் எச்சரிக்கை வேண்டும். ஆண் ஆசிரியர் ஒரு கட்டைச் சுருதியில் பாடிய பாடத்தைச் சிறுமியர் பின்பற்றினால் கீழே குரல் எழாது. ஐந்து கட்டையை ஒட்டிப் பெண்குரலில் பதிந்த பாடமே அவர்க்கு ஏற்றது. முதற்காலம் மெய்யாகவே மெதுவாக உள்ளதா, வரிக்கு வரி பிள்ளை திருப்பிப் பாட இடம் விட்டிருக்கிறதா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். நூலிலுள்ள பாடத்துக்கும் பதிவிலுள்ள பாடத்துக்கும் ஓரிரு சுரம் மாறுபடக் கூடும். இது பிழையன்று, பாடபேதம். வகுப்புக்குக் கொண்டு செல்லுமுன் இரண்டையும் ஒப்பிட்டு, எதைப் பின்பற்றப் போகிறோம் என்று நூலின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டால், இவ்வாண்டு கற்ற பிள்ளையும் அடுத்த ஆண்டு கற்கும் பிள்ளையும் ஒரே மேடையில் சேர்ந்து பாடலாம்.