இலையும் அண்டாவும்

யாராவது தங்கள் ஜென்கின்ஸ் சர்வரைக் காட்டுகிறேன் என்றால், திரையை அப்புறம் பார்க்கலாம், முதலில் கம்போஸ் கோப்பைத் திறங்கள் என்பேன். முப்பது நாற்பது வரியில் முடிந்திருந்தால் பாதி மனம் நிறைந்துவிடும். மீதிப் பாதி, எழுதியவருக்கு இலை எது, அண்டா எது என்று தெரிந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. பந்தி முடிந்ததும் இலையைச் சுருட்டி எறியலாம். அண்டாவை எறிந்தால் அடுத்த பந்தி இல்லை.

ஜென்கின்ஸின் பூர்வகதை பலருக்குத் தெரிந்ததுதான். 2004இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த கோசுகே கவாகுச்சி, தன் கோடு பில்டை உடைத்தால் அது சக ஊழியர்களுக்குத் தெரிவதற்குள் தனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதிய கருவி அது. அப்போது பெயர் ஹட்சன். ஆரக்கிள் சன்னை வாங்கிய பிறகு பெயர்ச் சண்டை வந்து, 2011இல் ஜென்கின்ஸ் ஆனது. ஆரம்பத்தில் ஜெயித்த பில்டுக்கு நீல உருண்டை காட்டும். ஜப்பானில் போக்குவரத்து விளக்கின் பச்சையை நீலம் என்றே சொல்வார்கள், அந்த வழக்கம். பின்னாளில் அதைப் பச்சையாக்கிவிட்டார்கள். எனக்கு அந்த நீலம்தான் பிடித்திருந்தது.

அந்தக் காலத்து பில்டு சர்வர் யாரோ ஒருவரின் மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும். இரண்டு ஜாவா, மூன்று நோடு, எப்போதோ ஒருவர் போட்ட மைஎஸ்க்யூஎல். கை வைக்க எவருக்கும் தைரியம் வராது. 2013இல், இவை ஒவ்வொன்றையும் தனித்தனி கன்டெய்னரில் அடைக்கும் டாக்கர் வந்தது. லண்டனில் ஆர்ச்சர்டு என்ற சிறு நிறுவனம் ‘ஃபிக்’ என்றொரு கருவி செய்தது: பல கன்டெய்னர்களை ஒரே கோப்பில் எழுதி, ஒரே கட்டளையில் எழுப்பலாம். டாக்கர் 2014இல் அந்த நிறுவனத்தை வாங்கி, கருவிக்கு கம்போஸ் என்று பெயரிட்டது. அத்திப்பழம் என்ற பழைய பெயரில் ருசி இருந்தது.

இனி ரசிக்க வேண்டிய இடம். ஒருவர் கோடை புஷ் செய்கிறார். அந்த ஒரு பில்டுக்காக ஒரு போஸ்ட்கிரெஸ், ஒரு ரெடிஸ், செயலி, டெஸ்டை ஓட்டும் இன்னொரு கன்டெய்னர் எல்லாம் எழுகின்றன. பில்டு முடிந்ததும் எறிய வேண்டிய இலைகள் இவைதான். ஐபி முகவரி யாருக்கும் தேவையில்லை. கோப்பில் ‘டிபி’ என்று பெயர் வைத்தால் செயலி ‘டிபி’ என்று கூப்பிட்டாலே போதும். கைதேர்ந்தவர் ப்ராஜெக்ட் பெயரில் பில்டு எண்ணைச் சேர்த்திருப்பார். இல்லாவிட்டால் பெயர் கோப்புறையிலிருந்து வரும். ஒரே பெயருள்ள கோப்புறையில் இரண்டு பில்டு சேர்ந்து ஓடினால் ஒன்றின் கன்டெய்னரை மற்றொன்று பிடுங்கும்.

அரைகுறை வேலை தெரிவது ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்ற வரியில். அதைச் சும்மா எழுதினால், டேட்டாபேஸ் கன்டெய்னர் கிளம்பியதும் செயலியும் கிளம்பிவிடும். அடுப்பு பற்றியது, உலை இன்னும் கொதிக்கவில்லை, அதற்குள் அரிசியைக் கொட்டியாயிற்று. இதற்கு முப்பது வினாடி ‘ஸ்லீப்’ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். சுமை ஏறிய நாளில் முப்பது போதாது, மற்ற நாளில் முப்பதும் வீண். ஹெல்த்செக் எழுதி, ‘சர்வீஸ் ஹெல்தி’ ஆன பிறகே கிளம்பு என்று சொல்வதுதான் அழகு. டெஸ்ட் கன்டெய்னரின் எக்ஸிட் கோடைத் திருப்பித் தரச் சொல்லவும் மறக்கக் கூடாது. மறந்தால் டெஸ்ட் தோற்றிருக்கும், பில்டு பச்சையாகச் சிரிக்கும்.

டாக்கருக்குக் கட்டளை போகும் வாயிலான டாக்கர் சாக்கெட்டை கன்டெய்னருக்குள் கொடுப்பது பற்றி எனக்கு இன்னும் இரண்டு மனம். டாக்கருக்குள் டாக்கரை ஓட்ட வழி செய்த ஜெரோம் பெட்டாசோனியே 2015இல், இப்படி பில்டும் டெஸ்டும் ஓட்டும் சிஐ வேலைக்கு அது வேண்டாம், சாக்கெட்டைக் கொடுங்கள் என்று எழுதினார். வேலை சுலபமாகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது வீட்டின் கொத்துச் சாவி; வாங்கியவர் ஹோஸ்ட் மெஷினுக்கே ரூட். பில்டை ஓட்டும் ஏஜென்டிடம் மட்டும் கொடுப்பேன், அதுவும் நம் ஆட்களின் கோடு ஓடும் இடத்தில்.

இத்தனை இலைகளுக்கு நடுவே அண்டா ஒன்றுதான்: ஜென்கின்ஸ் ஹோம் என்ற கோப்புறை உட்காரும், கன்டெய்னர் போனாலும் தங்கும் வால்யூம். ஹோஸ்டின் கோப்புறையையே மாட்டினால் அதன் உரிமையாளர் எண் 1000 ஆக இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் நாளே ‘பெர்மிஷன் டினைடு’. கோப்பின் அடியில் அந்த வால்யூமை ‘எக்ஸ்டெர்னல்’ என்று குறித்திருந்தால், எழுதியவர் ஒருமுறை சூடு பட்டவர் என்று வைத்துக்கொள்ளலாம். கம்போஸ் அதை அழிக்காது.

நான் பட்ட சூடு இது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, டெஸ்ட் கன்டெய்னர்களைத் துடைப்பதாக நினைத்து, வேறு கோப்புறையில் நின்றபடி ‘டவுன்’ கட்டளையின் வாலில் ‘வி’ என்ற ஓரெழுத்தைச் சேர்த்து அடித்தேன். அது ஜென்கின்ஸின் கோப்புறை; வால்யூமோடு போயிற்று. பைப்லைன்கள் ஜென்கின்ஸ்ஃபைலாக கிட்டில் இருந்தன, அமைப்பும் ஒய்ஏஎம்எல் கோப்பில் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் சர்வர் எழுந்துவிட்டது. கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போட ஞாயிறு ஆயிற்று. திங்கள் காலை ஒரு தம்பி வந்து நின்றான். “அண்ணா, வெள்ளிக்கிழமை வரைக்கும் நாலாயிரத்துச் சொச்சம் பில்டு இருந்துச்சே, இப்ப ஒண்ணுன்னு காட்டுது?”

புது சர்வர்ப்பா என்றேன்.