‘நல்லா இருக்கு’ போதாது

புக்கிட் பாஞ்சாங்கில் குடியிருந்துகொண்டு கேம் செய்கிறவருக்குத் தோழமை ரயிலேறிப் போய்த் தேட வேண்டிய பொருள். ஃபஜாரில் இலகு ரயில் பிடித்து, புக்கிட் பாஞ்சாங்கில் டௌன்டவுன் பாதைக்கு மாறி, பொட்டானிக் கார்டன்ஸில் வட்டப் பாதைக்கு மாறி, ஒன்-நார்த்தில் இறங்க வேண்டும். 2015 டிசம்பர் கடைசியில் டௌன்டவுன் பாதை இங்கே வரும்வரை இந்த வழிகூட இல்லை. ஒரு சிறிய கேமுக்குத் தமிழில் வசனம் எழுதித் தரப் போன வகையில் இந்தப் பயணம் எனக்குப் பழக்கமானது. அங்கே கேம் உருவாக்குநர்கள் மாதந்தோறும் கூடும் மாலை ஏழு மணிக் கூட்டத்துக்குப் போனால் வீடு திரும்பப் பதினொன்று ஆகிவிடும். இத்தனை பேர் எதற்காக இப்படி அலைகிறார்கள், அலைச்சலுக்குத் தக்க பலன் இருக்கிறதா என்று திரும்பும் ரயிலில்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

கூட்டம் நடக்கும் விதம் எளிது. ஒருவர் திரைக்கு முன்னால் நின்று தம் கேம் உருவான கதையைச் சொல்வார். பிறகு பீட்சா. ஓரத்து மேசைகளில் மடிக்கணினிகள், அவற்றில் பாதி முடிந்த கேம்கள், ஆடிப் பார்க்க யாராவது வருவார்களா என்று நிமிர்ந்து பார்க்கும் முகங்கள். இதன் பூர்வீகம் 1988. சான் ஹோசேயில் கேம் வடிவமைப்பாளர் கிறிஸ் கிராஃபோர்ட் தம் வீட்டுக் கூடத்தில் இருபத்தேழு பேர் போலக் கூட்டி உட்கார வைத்தார். இன்று ஆயிரக்கணக்கானோர் திரளும் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் அந்தக் கூடத்திலிருந்து வளர்ந்ததுதான். 1994இல் எர்னஸ்ட் ஆடம்ஸ் தொடங்கிய கேம் உருவாக்குநர் சங்கம் பின்னாளில் ஐஜிடிஏ ஆயிற்று. அதற்குச் சிங்கப்பூரிலும் கிளை உண்டு.

இங்கே இந்தக் கூட்டங்களுக்குத் தேவை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2006இல் அறிவிக்கப்பட்ட சிங்கப்பூர்-எம்ஐடி கேம்பிட் ஆய்வகம் நம் மாணவர்களைக் கோடைதோறும் அமெரிக்காவுக்கு அனுப்பிக் குழுவாகக் கேம் செய்யப் பழக்கியது. 2008இல் டிஜிபென் கல்லூரி வந்தது, யுபிசாஃப்ட் வந்தது. பெரிய நிறுவனங்களில் தொழில் கற்றவர்களில் சிலர் வெளியேறி இரண்டு மூன்று பேராகத் தனிக்கடை போட்டார்கள். கோயி டெக்மோவின் சிங்கப்பூர்க் கிளையில் இருந்தவர்கள் தொடங்கிய த ஜென்டில்பிரோஸ், 2017இல் ‘கேட் குவெஸ்ட்’ என்ற பூனைக் கதையை வெளியிட்டு உலகமெங்கும் விற்றது. அதன் மூன்றாம் பாகம் 2024இல் வந்தது. ஆனால் தனிக்கடைக்காரர்களில் பெரும்பாலோருக்கு அலுவலகம் என்பது வீவக வீட்டின் ஒரு படுக்கையறை. மூன்று ஆண்டு ஒரே பொருளைச் செதுக்கிக்கொண்டு, அது நன்றாக வருகிறதா என்று கேட்க ஆளில்லாமல் இருப்பது பைத்தியம் பிடிக்க வைக்கும் வேலை.

அந்த நிலையில் இருப்பவருக்கு மாதம் ஒரு மாலை பெரிய கொடை. பதிப்பாளர் நீட்டும் ஒப்பந்தத்தில் எந்த வரியைத் திருத்தச் சொல்ல வேண்டும், நின்டெண்டோவின் சோதனையில் கேம் எதனால் திரும்பி வரும், ஒலியமைப்பாளருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்பதையெல்லாம் எந்தப் பலதுறைத் தொழிற்கல்லூரியும் கற்றுத் தருவதில்லை. பீட்சாத் துண்டோடு நிற்கும் ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறார். போட்டியாளருக்குத் தொழில் ரகசியத்தை இப்படி இலவசமாகக் கொடுக்கும் வேறு வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. தேக்கா மளிகைக் கடைக்காரர்கள் கொள்முதல் விலையைப் பக்கத்துக் கடைக்குச் சொல்வார்களா?

இவ்வளவு நல்ல மனம்தான் கோளாறுக்கும் வேர். சின்ன ஊர். இன்று நான் குறை சொல்லும் கேமின் சொந்தக்காரர், நாளை எனக்கு வேலை தரக்கூடியவர். அவர் நண்பர் மானியக் குழுவில் இருக்கலாம். ஆகவே எந்தக் கேமை ஆடி முடித்தாலும் வாயில் வருவது ஒரே சொல்: ‘நல்லா இருக்கு’. நம் புத்தக வெளியீட்டு விழாக்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த வாசனை தெரியும். நூலைப் படிக்காத மூவர் பாராட்டுவார்கள், படித்த ஒருவர் அதைவிட அதிகம் பாராட்டுவார், ஆசிரியர் கண் கலங்குவார். விற்பனையாகாத பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போகும். கேமுக்குக் கட்டில் அடி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்டீம் இணையக் கடையில் ஆண்டுக்குப் பல்லாயிரம் கேம்கள் வருகின்றன. அங்கே யாரும் முகத்துக்காகப் பாராட்டுவதில்லை. ஊரில் கேட்க வேண்டிய குறையை, காசு கட்டி வாங்கிய அந்நியர் எழுதிய பிறகுதான் அந்தப் படுக்கையறைக்காரர் கேட்கிறார்.

இதற்கு மாற்று நம் பக்கத்திலேயே இருந்தது. 1950களின் தொடக்கத்தில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். எழுதப் பழகுகிறவர்களின் கதைகளை வாங்கி, எது கதை, எது கதையில்லை என்று தரம் பிரித்துச் சொன்ன வகுப்பு அது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் மாதாந்தரக் கதைக்களத்திலும் கதையை வாசித்துவிட்டுக் குறை நிறை பேசும் வழக்கம் உண்டு. அங்கும் பூசி மெழுகுதல் நடக்கும்தான், ஆனாலும் குறை சொல்வதற்கென்றே ஒரு நேரம் ஒதுக்கியிருப்பதால் சொல்கிறவர் பகைவராகிவிடுவதில்லை. கேம் கூட்டங்களில் அந்த நேரம் ஒதுக்கப்படுவதில்லை. மேடைப் பேச்சு முடிந்தால் கைதட்டல், கைதட்டல் முடிந்தால் பீட்சா.

ஓரத்து மேசைகளை மட்டும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விலக்குவேன். அங்கே ஆடுகிறவரின் கை பேசும். ஆனால் யாருடைய கை என்பதும் முக்கியம். நான் வசனம் எழுதிய கேமின் முதல் அறையில் ஒரு கதவு இருந்தது. கூட்டத்தில் ஆடிய பத்துப் பேரும் அதை நொடியில் கண்டுபிடித்தார்கள், பாராட்டினார்கள். பிறகு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், பேரனுக்காகக் காத்திருந்த பக்கத்து வீட்டு அத்தையிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். ஏழு நிமிடம் அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ‘இங்க வெளிய போக வழியே இல்லையேப்பா’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்துப் பேரும் கேம் செய்கிறவர்கள். கேமில் கதவு எங்கே வைப்பார்கள் என்பது அவர்களுக்குப் பாடம். உருவாக்குநர்கள் உருவாக்குநர்களுக்கே ஆடிக் காட்டுவதில் உள்ள பள்ளம் எனக்குத் தெரிந்தது ஒன்-நார்த்தில் இல்லை, கீழ்த்தளத்துச் சிமெண்ட் மேசையில்.

கேம் ஜாம் என்ற இன்னொரு சடங்கைப் பற்றி நிறையப் புகழ்ச்சி கேட்டிருக்கிறேன். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு கேம். 2009இல் குளோபல் கேம் ஜாம் முதன்முதலாக நடந்தபோது 23 நாடுகளில் 53 இடங்களில் கூடினார்கள். 2013இல் அப்படி ஒரு வார இறுதியில் பிறந்ததுதான் ‘சர்ஜன் சிமுலேட்டர்’. 2017 நோர்டிக் கேம் ஜாமில் பிறந்தது ‘பாபா இஸ் யூ’. ஆனால் அது கடைக்கு வந்தது 2019இல் என்பதை ஜாம் பிரசாரகர்கள் அழுத்திச் சொல்வதில்லை. ஜாமில் கிடைப்பது ஒரு விதை, அதைவிட முக்கியமாக ஒரு ஆள்: இரவு மூன்று மணிக்கு யார் எரிந்து விழுவார், யார் சத்தமில்லாமல் பிழையைத் திருத்துவார் என்று தெரிந்துவிடும். கூட்டாளி தேட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தூக்கம் கெடுத்து வேலை செய்வதை வீரமாகக் காட்டும் பழக்கமும் இங்கேதான் ஊட்டப்படுகிறது. கைக்குழந்தை வைத்திருப்பவர் வார இறுதி முழுவதும் எப்படி வருவார்?

யார் வருவதில்லை என்று பார்ப்பதே ஒரு கூட்டத்தை எடைபோடும் நேர் வழி. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐஜிடிஏ சேர்ந்து நடத்திய விருந்தில் பெண்களை ஆட வைத்தார்கள். சங்கத்தின் பெண்கள் பிரிவில் பொறுப்பு வகித்த பிரெண்டா ரொமேரோ அதற்காகப் பதவி விலகினார். நம் ஊரில் அந்த அசிங்கம் இல்லை. இங்கே விலக்குவது ஓசையின்றி நடக்கிறது: பேச்சு முடிந்ததும் பீர்க் கடைக்கு நகரும் பழக்கம், ஹலால் முத்திரை பார்க்காமல் வாங்கிய உணவு, கடைசி இலகு ரயிலை நினைத்துப் பாதியில் எழும் எங்களைப் போன்ற வடமேற்குக்காரர்கள். முக்கியமான பேச்சு அந்தப் பீர் மேசையில்தான் நடக்கிறது என்பது போகாதவர்களுக்கு மறுமாதம்தான் தெரியும்.

அரசாங்கப் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அது இல்லாதிருந்தால் கேம்பிட் வந்திருக்காது, ஒன்-நார்த்தின் மலிவு வாடகை அறைகளும் கிடைத்திருக்காது. நன்றி கெட்டுப் பேசக் கூடாது. ஆனால் மானியம் பேச்சின் மையமாகும்போது, கேமைச் செய்கிறவர்கள் கேமை விவரிக்கிறவர்களாக மாறிப்போகிறார்கள். பெரிய கேம் கண்காட்சிகளும் நிலையானவை அல்ல. கேம்ஸ் கன்வென்ஷன் ஆசியா 2007இல் வந்து 2009உடன் நின்றது. கேம்ஸ்காம் ஆசியா 2021இல் வந்து, 2025இல் பேங்காக்குக்குப் போய்விட்டது. போகாமல் இருப்பது மாதாந்தரக் கூட்டம்தான், அதுவும் சம்பளமில்லாத நாலைந்து பேரின் முதுகில்.

என் தீர்ப்பு: மேடையைப் பாதியாகக் குறைத்து மேசைகளை இரட்டிப்பாக்கலாம். அந்த மேசைகளில் சிலவற்றை புக்கிட் பாஞ்சாங் போன்ற பேட்டைகளின் சமூக மன்றங்களுக்கும் நூலகங்களுக்கும் சனிக்கிழமைக் காலையில் கொண்டுவர வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு சான்று: டொராண்டோவில் தமிழர் தலைமையில் உருவான ‘வெண்பா’ என்ற கேம் 2023இல் வந்து, மறு ஆண்டு சுயாதீனக் கேம் விழாவின் தலைமைப் பரிசை வென்றது. அதன் முதல் புதிர், ஆவி எல்லா இட்லிக்கும் போகும்படி தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது. கேம் பழகியவர்கள் தடுமாறும் அந்த இடத்தை எங்கள் அத்தை பார்த்ததுமே அடுக்கிவிட்டார்.

உங்கள் புளோக்கின் கீழே யாராவது ஒரு இளைஞர் கைப்பேசியை நீட்டி ஆடிப் பார்க்கச் சொன்னால், பத்து நிமிடம் உட்காருங்கள். புரியாத இடத்தில் புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.