அச்சேறியதெல்லாம் ஆராய்ச்சியாமோ?

அச்சில் வந்துவிட்ட கூற்று உண்மையாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. புராணங்களைப் பரிகசிக்கும் இளைஞருங்கூட, "டாக்டர் ஒருவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்" என்றவுடன் வாய்பொத்தி நிற்கின்றனர். பழைய ஏட்டுக்குச் செய்த நமஸ்காரத்தை ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மாற்றிச் செய்வது பகுத்தறிவாகாது. அத்தகைய கட்டுரையை எங்ஙனம் வாசித்தல் வேண்டும் என்பதற்கு, நாம் வாழும் இம்மண்ணிலேயே பிறந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

டாக்டர் வில்லியம் பிளெட்சர் என்பார் அரிசியையும் பெரிபெரி நோயையும் பற்றி 1907-ஆம் ஆண்டில் 'லான்செட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையே அது. கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து மாளச் செய்யும் அந்நோய், அக்காலத்து மலாயாவில் சீனத் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. தமிழரைப் பெரும்பாலும் தீண்டவில்லை. இதை இனத்தின் இயல்பென்று சொல்லி முடித்துவிடுதல் எளிது. ஆனால், சீனர் உண்டது தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. டாக்டர் பிராடன் என்பார் அரிசியின் மீதே குற்றஞ் சாட்டினார். எனினும், இவ்விரு கூட்டத்தாரும் வேலையிலும் வீட்டிலும் கறிவகையிலும் வேறுபட்டவரன்றோ? ஆகவே அவ்வொப்பீடு ஐயத்தை எழுப்பலாமேயன்றித் தீர்ப்பளிக்கமாட்டாது.

பிளெட்சரின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில், 1905 டிசம்பரில், அவர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர்க்குப் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசி. ஒவ்வொரு பிரிவிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். குற்றம் இடத்தினுடையதோ என்றறிய, இடையில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றி வைத்தார்; அரிசியை மாற்றவில்லை. முடிவில், பச்சரிசி உண்டவருள் பலர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசிப் பிரிவில் நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள்.

இனிக் குறைகளைக் காண்போம். ஒற்றை, இரட்டை என்று பிரிக்கும்போது, அடுத்தவர் எப்பக்கம் போவார் என்பது பிரிப்பவருக்கு முன்னரே தெரிந்துவிடும். விரும்பியவரை விரும்பிய பக்கம் தள்ள அதில் இடமுண்டு. இக்காலத்து ஆராய்ச்சியாளர் அம்முறையை ஒப்பார். ஆயினும் இத்துணைப் பெரிய வேற்றுமையை அக்குறை ஒன்றே விளைத்திருக்குமென்று நாம் கருதவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் ஜெலபுவில் ஜாவாத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, 1909-இல் அதே முடிவை வெளியிட்டனர்.

கண்டதை விட்டுக் கருதியதற்கு வரும்போதே பிளெட்சர் தடுமாறுகிறார். அரிசியில் நஞ்சிருக்கலாம், புரதம் குறைந்திருக்கலாம், போதிய சத்தின்றி மெலிந்த உடலில் நோய்க்கிருமி புகுந்திருக்கலாம் என்று மூன்று காரணங்களைக் கூறுகிறார். மூன்றும் பொருந்தவில்லை. தவிட்டில் உள்ள தயமின் என்னும் வைட்டமின் தீட்டும்போது கழிந்துவிடுவதே காரணம். நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. அதனை 1926-இல் ஜாவாவில் யான்சன், டோனாத் என்போர் பிரித்தெடுத்தனர். கட்டுரையின் கணக்கு நின்றது, காரணம் வீழ்ந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் நம்பியவர் பாதி ஏமாந்தவராவர்.

மற்றொன்றும் உண்டு. அப்பதினெண்மர் பூட்டிய விடுதியில் இருந்தோர். இவ்வரிசி வேண்டாவென்று மறுத்துரைக்க இயலாதோர். அவர்கள் இறந்ததனால் உலகம் பாடங் கற்றது என்பது உண்மையே. அவ்வுண்மை அச்செயலுக்கு மன்னிப்பாகிவிடாது. அட்டவணையில் எண்ணாக நிற்பவரும் மனிதரே என்பதை மறந்து வாசிப்பவன், நன்கு வாசித்தவனாகான்.

ஆதலின் நேயர்களே, எவ்வாராய்ச்சியைக் கண்டாலும் கேளுங்கள்: யாரை யாரோடு ஒப்பிட்டார்? எங்ஙனம் பிரித்தார்? எத்தனை பேர்? கண்டது எது, கருதியது எது? யாருடைய உடலின் மீது? இவற்றுக்கு விடையளிக்கும் கட்டுரையை மதிப்போம். விடையளிக்காததை, எழுதியவர் எத்துணைப் பட்டம் பெற்றவராயினும், ஒதுக்கி வைப்போம்.