தொட்டதும் திறப்பது யாருடைய மெயில்?

திருவண்ணாமலையில் உள்ளூர்க்காரர்களுக்கு மின்னஞ்சல் அநேகமாகத் தேவைப்படுவதில்லை. பால்காரரும் பள்ளிக்கூடமும் வாட்ஸ்அப்பிலேயே முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு முகம் இருக்கிறது. ரமணாசிரமத்தில் தங்க விரும்பும் வெளிநாட்டவர் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். வந்து தங்கியபின் விசா சம்பந்தமான தகவல்களும் அவருடைய மின்னஞ்சலுக்கு வரும். அவரைத் தங்கவைக்கும் லாட்ஜோ ஆசிரமமோ 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரப் படிவத்தை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். ஆகவே கார்த்திகை தீபம் தொடங்கி வெயில் ஏறும்வரை ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலைப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரிகளைத் தேடி, தொட்டு, எழுதும் வேலை ஓய்வதில்லை. பிரவுசரில் 'டீஃபால்ட்' மெயிலை அமைத்துக்கொள்வது நல்லதா என்ற சின்னக் கேள்வி இங்கே கொஞ்சம் பெரிதாகிவிடுவது அதனால்தான்.

ஒரு வலைப்பக்கத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியைத் தொட்டால் என்ன ஆகிறது? விண்டோஸ் கணினியில் பெரும்பாலும் அவுட்லுக் வாய்திறந்து, 'உங்கள் கணக்கைச் சேருங்கள்' என்று நிற்கும். ஜிமெயிலை மட்டுமே அறிந்தவர் ஏதோ கோளாறு என்று எண்ணி அதை மூடிவிடுவார். கோளாறு எதுவும் இல்லை. இந்த இணைப்பு வகைக்கு 'மெயில்டு' (mailto) என்று பெயர். 1994 டிசம்பரில் வெளியான இணைய முகவரி விதிகளிலேயே அது இடம்பெற்றுவிட்டது. இந்த முகவரிக்குக் கடிதம் எழுது என்று மட்டுமே அது சொல்லும். எந்த அஞ்சல்பெட்டியிலிருந்து என்று சொல்லாது. அன்று மின்னஞ்சல் என்றாலே கணினியில் நிறுவப்பட்ட ஒரு மென்பொருள்தான், எனவே அந்தக் கேள்வி எழவில்லை. 1996இல் ஹாட்மெயிலும் அதன்பின் யாகூவும் ஜிமெயிலும் வந்து அஞ்சல்பெட்டி வலைத்தளத்துக்குள் குடியேறியபோதுதான் இணைப்புக்கு வழி தெரியாமல் போயிற்று.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. ஒரு வலைத்தளம் பிரவுசரிடம், 'இனி மெயில்டு இணைப்புகளை நான் கவனித்துக்கொள்கிறேன்' என்று பதிவு செய்துகொள்ளலாம். 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3 இதைக் கொண்டுவந்தது, யாகூ மெயில் அதிலேயே ஒரு தேர்வாக வைக்கப்பட்டிருந்தது. குரோம் சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தது. ஆப்பிளின் சஃபாரி இந்த வசதியை ஏற்கவே இல்லை.

இந்த ஏற்பாட்டின் நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. முகவரியைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்து பிசகினால் கடிதம் திரும்பி வரும். அதைவிட மோசம், முன்பின் தெரியாத யாருக்கோ போய்ச் சேரும். இணைப்பு வேலை செய்தால் அந்தப் பிழைக்கு இடமே இல்லை. அனுப்ப வேண்டிய முகவரியோடு பொருள் வரியையும் கடிதத்தின் வாசகத்தையும்கூட இணைப்பிலேயே வைத்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாத சௌகரியம். வந்து சேரும் நாள், புறப்படும் நாள், எத்தனை பேர் என்ற மூன்று வரியை ஒரு லாட்ஜ் தன் இணைப்பில் முன்பே எழுதி வைத்தால், பின்னால் நாலைந்து கடிதம் மிச்சம். இன்னொரு நன்மை சந்தை சம்பந்தப்பட்டது. பாதுகாப்பான இணைப்புள்ள எந்த மெயில் தளமும் இப்படிப் பதிவு கேட்கலாம். விதி ஜிமெயிலுக்கும் சோஹோ மெயிலுக்கும் ஒன்றே.

காகிதத்தில் இவ்வளவு நன்றாக இருப்பது நடைமுறையில் தடுமாறுவதற்கு முதல் காரணம், அமைப்பு பிரவுசரோடு நின்றுவிடுவது. குரோமில் செய்த ஏற்பாடு ஃபயர்பாக்ஸுக்குத் தெரியாது. அதே குரோமில் வேறொரு பெயரில் நுழைந்தால் அங்கும் தெரியாது. பிடிஎஃப் கோப்பில் உள்ள முகவரியைத் தொட்டால் பிரவுசர் அமைப்பு தானாக உதவாது, விண்டோஸ் தன் பட்டியலைத்தான் பார்க்கும். விண்டோஸில் மெயில்டு வேலையைக் குரோமிடம் ஒப்படைத்து, குரோமில் அதை ஜிமெயிலிடம் ஒப்படைத்தால்தான் சங்கிலி முழுமையாகும். மேக் கணினியில் கதை இன்னும் வேடிக்கை. ஆப்பிள் மெயில் வேண்டாம் என்று சொல்ல, ஆப்பிள் மெயிலைத் திறந்து அதன் அமைப்புக்குள்தான் போக வேண்டும். சில சமயம் அதில் ஒரு கணக்கைச் சேர்த்த பிறகே அந்தத் தேர்வு கண்ணில் படும்.

குரோமில் ஜிமெயிலைத் திறந்தால் முகவரிப் பட்டையின் ஓரத்தில் இரட்டைச் சாய்சதுரக் குறி ஒன்று தோன்றும், அதை அழுத்தி அனுமதிக்கலாம். அவசரத்தில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் குறி மறைந்துவிடும். திரும்பக் கொண்டுவர செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், கூடுதல் அனுமதிகள், புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ் என்று படிப்படியாக இறங்க வேண்டும். இதைக் கடைசிவரை பொறுமையாகத் தேடிப் போகும் லாட்ஜ் மேலாளரை நான் இன்னும் பார்த்ததில்லை.

இதெல்லாம் சிரமம் மட்டுமே. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. லாட்ஜ் மேசைக் கணினியில் உரிமையாளரின் சொந்த ஜிமெயிலும் லாட்ஜின் ஜிமெயிலும் ஒன்றாகத் திறந்திருப்பது சகஜம். மெயில்டு இணைப்பைத் தொட்டால் வழக்கமாக முதலில் நுழைந்த கணக்கே திறக்கும். விருந்தினருக்குப் போக வேண்டிய பதில் உரிமையாளரின் சொந்தப் பெயரில் போகும், அதற்கு வரும் பதிலோடு பாஸ்போர்ட் நகலும் சேர்ந்து அவருடைய குடும்பப் புகைப்படங்களுக்கு நடுவே உட்காரும்.

பிரவுசிங் சென்டரில் இது இன்னும் மோசம். காலையில் ஒருவர் வந்து ஜிமெயிலைத் திறந்து, கேட்ட அனுமதியைக் கொடுத்துவிட்டு, வெளியேறாமல் எழுந்து போகிறார். மதியம் வருபவர் ஏதோ ஒரு தனியார் நிறுவனத்தின் முகவரியைத் தொடுகிறார். எழுதும் சாளரம் தயாராகத் திறக்கிறது. அது யாருடைய கணக்கு என்று அவர் மூலையில் உள்ள சிறு வட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும், எழுதும் அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? விண்ணப்பம் வேறொருவர் பெயரில் போகிறது. பதில் வந்தாலும் எழுதியவருக்கு வராது. 2011இல் மத்திய அரசு வகுத்த சைபர் கஃபே விதிகள், வந்தவரின் அடையாளத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. அவர் கணினியில் விட்டுச்செல்லும் கணக்கை மூடுவது கடைக்காரரின் கவனத்தைப் பொறுத்தது.

பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் அபாயம் ஒன்றையும் சேர்க்க வேண்டும். மெயில்டு இணைப்பில் கூடுதல் விவரங்களை வைக்கலாம் என்பதைப் பயன்படுத்தி, தொட்டவரின் கணினியிலிருந்தே ஒரு கோப்பைக் கடிதத்தோடு சத்தமின்றி இணைக்க முடியும் என்று 2020இல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கேமெயில், எவல்யூஷன் போன்ற சில மென்பொருள்களில் அந்த ஓட்டை இருந்தது. வலைத்தள மெயிலுக்கு இந்தத் தாக்குதல் பொருந்தாது, பிரவுசர் அப்படிக் கோப்பை எடுத்துத் தராது. இந்த ஒரு விஷயத்தில் பிரவுசர் டீஃபால்ட் பழைய மென்பொருளைவிட மேல்.

பிரவுசரும் மெயிலும் ஒரே கையில் இருப்பது அடுத்த சங்கடம். குரோமும் ஜிமெயிலும் கூகுளுடையவை. ஆண்ட்ராய்டு போன்களில் தன் செயலிகளை மொத்தமாக முன்னிறுவச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் அந்நிறுவனத்துக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. நம் ஊர் நிறுவனம் என்பதால் சோஹோவை விட்டுவிட முடியாது. அதனிடம் மெயில் இருக்கிறது, 2023இல் வந்த உலா என்ற பிரவுசரும் இருக்கிறது. 2025 மார்ச்சில் மத்திய மின்னணுத் துறையின் பிரவுசர் போட்டியில் உலாவுக்குத்தான் முதல் பரிசு. முன்கூட்டியே வைத்துத் தரும் தேர்வை மனிதர்கள் லேசில் மாற்றுவதில்லை என்பது பொருளாதார அறிஞர்கள் சாமுவேல்சனும் செக்ஹவுசரும் 1988இலேயே விரிவாக எழுதிய விஷயம். தேர்வை வைத்துத் தருபவர் கூகுளா, சோஹோவா என்பதைவிட, அவர் கேட்டுவிட்டு வைக்கிறாரா என்பதையே பார்க்க வேண்டும்.

இத்தனையும் அமைத்தாலும் அரசுத் தளங்களில் பயன் இல்லை. மாவட்ட நிர்வாகத் தளங்களில் அதிகாரிகளின் மின்னஞ்சல், 'அட்' குறிக்கும் புள்ளிக்கும் பதிலாக அந்தச் சொற்களையே சதுர அடைப்புக்குள் எழுதித்தான் தரப்படுகிறது. முகவரிகளை அள்ளிப்போகும் தானியங்கி நிரல்களை ஏமாற்றத்தான் இந்த வழக்கம். அந்த நிரலை எழுதுபவருக்கு இதைத் திருத்த ஒரு வரி போதும். வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தன்று நேரில் வரமுடியாத முதியவருக்குத்தான் அந்த அடைப்புக்குறி புதிராகிறது. பகைவனுக்குப் பூட்டாத கதவை உறவினருக்குப் பூட்டும் இந்த ஏற்பாட்டைக் கைவிடுவதே சரி.

ஆக, என் தீர்ப்பு இது. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினியில், ஒரே ஒரு மெயில் கணக்கு உள்ளவருக்கு, பிரவுசரில் டீஃபால்ட் அமைப்பது உண்மையான உதவி. பொதுக் கணினியில் அது கூடவே கூடாது. நடுவில் நிற்கும் லாட்ஜ் கணினிக்கு ஃபயர்பாக்ஸே பொருத்தம். அதன் அமைப்புகளில் பொதுப் பகுதிக்குள் செயலிகள் பட்டியலைத் திறந்து, மெயில்டுவுக்கு எதிரே 'ஒவ்வொரு முறையும் கேள்' என்று வைத்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் 'இப்போது மட்டும்' என்று தேர்வது போன்ற நிதானம் அது.

செங்கம் சாலையில் பிரவுசிங் சென்டர் நடத்துபவர்களே, குரோமின் புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ் பட்டியலில் உள்ள மெயில் தளங்களை இன்றே நீக்குங்கள். வாடிக்கையாளர் எழுந்ததும் சாளரம் மூடினால் கணக்கும் மூடும்படி மறைநிலைச் சாளரத்திலேயே உட்காரவையுங்கள். லாட்ஜும் ஆசிரமமும் நடத்துபவர்களே, இணைப்பைத் தருவதோடு நிற்காமல் முழு முகவரியையும் பக்கத்தில் வெளிப்படையாக எழுதி வையுங்கள்.