'பிளாக்': ஒரு சொல்லின் விலைப்பட்டியல்

நாவலுக்கு விமர்சனம் உண்டு, கவிதைக்கு உண்டு. அகராதியை மட்டும் யாரும் விமர்சிப்பதில்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருடத்திலும் அகராதி என்பது சந்தேகம் தீர்க்கும் புத்தகமாகத்தான் இருந்தது. அதையும் மனிதர்கள்தான் எழுதினார்கள். எனவே அதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம்.

ஆங்கிலத்தின் 'பிளாக்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மிரட்டிப் பணம் பறித்தால் பிளாக்மெயில். பதுக்கல்காரன் விற்கும் இடம் பிளாக் மார்க்கெட். வேலை தராமல் ஒதுக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் பிளாக்லிஸ்ட். வேலைநிறுத்தத்தை உடைக்க வருபவன் பிளாக்லெக். குடும்பப் பெயரைக் கெடுத்தவன் பிளாக் ஷீப். இதே கறுப்பு வக்கீலின் கவுனாக வந்தால் கண்ணியம், கராத்தேக்காரரின் இடுப்பில் ஏறினால் தேர்ச்சி, கணக்குப் புத்தகத்தில் விழுந்தால் லாபம். அதிகாரம் உடுத்திக்கொண்டால் கறுப்புக்கு மரியாதை வந்துவிடுகிறது. மனிதத் தோலில் இருந்தால்தான் சிக்கல்.

"இதுல நிறவெறி எங்க வந்துச்சு? பிளாக்மெயில்ங்கிறது ஸ்காட்லாந்து எல்லையில மாடு கொள்ளையடிக்கிறவன் குடியானவன்கிட்ட வாங்கின கப்பம், 16ஆம் நூற்றாண்டுச் சொல்லு" என்று படித்தவர்கள் மறுப்பார்கள். பிறந்த கதை சரிதான். ஆனால் சொல் பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை. கறுப்பு மனிதரைச் சந்தையில் விற்ற சமூகம் அவர்களையும் அந்தக் கப்பத்தையும் ஒரே சொல்லால் அழைத்தது. பள்ளிக்கூடம் போகும் கறுப்புக் குழந்தை சொற்பிறப்பியல் படித்துவிட்டா போகிறது?

இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றத்திலேயே எழுந்தது. 1976 மே மாதம், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. கறுப்பு விழிப்புணர்வு இயக்கத்தார் 9 பேர் மீது பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்கில் ஸ்டீவ் பிகோ சாட்சி சொன்னார். கறுப்பு என்றாலே கெட்டது என்று மொழியில் பதிந்திருப்பதை, கறுப்புச் சந்தை, கறுப்பு ஆடு ஆகிய சொற்களையே எடுத்துக்காட்டி விளக்கினார். பிறகு ஏன் அந்தப் பெயர், உங்கள் நிறம் பழுப்புதானே என்றார் நீதிபதி போஷாஃப். வெள்ளையரும் வெள்ளையாக இல்லையே, இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகத்தானே இருக்கிறார்கள் என்று திருப்பிக் கொடுத்தார் பிகோ. வேறு பெயருக்கு ஓடினாலும் இழிவு பின்னால் வரும்; ஆகவே இந்தச் சொல்லையே நிமிர்த்த வேண்டும் என்பது அவர் வாதம்.

அதுவரை அவர்களுக்கு இருந்த பெயர்களுள் ஒன்று 'வெள்ளையரல்லாதார்'. அதாவது, வெள்ளையனை அளவுகோலாக வைத்து அளந்த பெயர். இயக்கம் அதைத் தூக்கி எறிந்தது. சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒடுக்கப்பட்டு, அதை எதிர்த்து ஒன்றாக நிற்பவர்கள் எல்லோரும் கறுப்பர் என்றது. 1860 முதல் மதராஸிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் வாரிசுகளும் அதில் அடக்கம். அந்த 9 பேரில் சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் இந்திய வம்சாவளியினர். நிறம் அரசியல் நிலைப்பாடாக மாறியது இப்படித்தான். 1977 செப்டம்பர் 12 அன்று போலீஸ் காவலில் பிகோ இறந்தார். அவருக்கு வயது 30.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கறுப்புப் பணம், கறுப்புப் பட்டியல், கறுப்பு ஆடு எல்லாம் ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்கியவை. இங்கிலாந்தில் கறுப்புக் கம்பளியில் சாயம் ஏறாது, விலை போகாது. அதனால் அங்கே அது வேண்டாத ஆடு. நம்ம ஊருல? திருச்சி கறுப்பு என்றே ஒரு செம்மறி இனம் இருக்கிறது. கருப்பசாமிக்குக் கறுப்புக் கிடாதான் வேணும்னு சந்தை சந்தையா அலையுறோம். அப்புறம் இயக்க மேடையில் மைக்கைப் பிடித்து, "நமக்குள்ளேயே சில கறுப்பு ஆடுகள்" என்கிறோம். யாருடைய விலைப்பட்டியலை நாம் வாசிக்கிறோம்?

'தீண்டப்படாதவர்' என்பதும் 'வெள்ளையரல்லாதார்' போல அடுத்தவன் அளந்து வைத்த பெயர். 'தலித்' நாம் எடுத்துக்கொண்ட பெயர். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தபோது அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் பெயரைப் பெற்றார்கள். அந்த உறவைக் கொண்டாடும் நாம், காட்டிக்கொடுத்தவனைக் காட்டிக்கொடுத்தவன் என்றே எழுதலாம். கணக்கில் வராத பணத்தைக் கணக்கில் வராத பணம் என்றே சொல்லலாம்.

தமிழ் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை: உங்கள் கல்லூரி நூலகத்து அகராதியில் கறுப்பு, வெள்ளை, ஊர், சேரி என்ற நான்கு சொற்களுக்கும் என்ன பொருள் போட்டிருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். அந்த விமர்சனத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.