சுவைக்கும் உரிமையும் திருத்தும் உரிமையும்

தாம் சுவைத்த பாட்டைப் பிறரும் சுவைக்க வேண்டும் என்னும் தவிப்பு, புலமையினின்றும் வேறானது. புலவர் எல்லார்க்கும் அது வாய்ப்பதில்லை. வாய்க்கப்பெற்றவர்களுள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். சட்டம் பயின்றவர், சில ஆண்டுகள் அறநிலைய ஆணையராகவும் இருந்தவர். ஆயினும், 1954-இல் மறைந்த அப்பெரியாரைத் தமிழுலகம் நினைப்பது, திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய 'வட்டத்தொட்டி'யை வைத்தே. சங்கங்களுக்குரிய சடங்குகள் அங்கு இல்லை. பாட்டு, இசை, நகைச்சுவை, நல்ல விருந்து, இவைதாம் நிகழ்ச்சி நிரல். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன் போன்றோர் அவ்வட்டத்தினர். கல்கியும் ராஜாஜியும் நெருங்கிய நண்பர்கள்.

டி. கே. சி.யின் முறை யாது? பாட்டை முதலில் சொல்லமாட்டார். பாட்டுப் பிறந்த கட்டத்தைப் பேச்சுத் தமிழில் விரிப்பார். 'இந்த இடத்தில் என்னதான் சொல்ல முடியும்?' என்று நாம் ஏங்கும் வேளையில் பாட்டு வந்து நிற்கும். முத்தொள்ளாயிரத்துக்கு அவர் எழுதிய விளக்கத்தைப் படித்தோர் இதனை நன்கறிவர். தொள்ளாயிரத்தின் எச்சமாக, புறத்திரட்டின் வழியே, நூற்றுச் சொச்சம் வெண்பாக்களே நமக்குக் கிடைத்தன. அவை ஏட்டில் இருந்தன, அச்சிலும் இருந்தன. ஆனால் பொதுமக்கள் நாவில் அவற்றை ஏற்றியவர் டி. கே. சி. என்றால் மிகையன்று. பதவுரையில் தொடங்கிப் பாட்டில் முடிக்கும் நம் வகுப்பறை வழக்கத்தை அவர் தலைகீழாக்கினார். தோட்டப் பள்ளிப் பிள்ளைகளிடம் இம்முறையைக் கையாண்டு பார்த்தவன் என்ற முறையில், அது பலிக்கிறது என்று துணிந்து சொல்வேன். சொற்பொருள் கேட்கும் ஆவல், பாட்டைக் கேட்ட பிறகு தானே எழுகிறது.

இசையிலும் அவர் கொள்கை இதுவே. பொருள் விளங்காத பாட்டுக்குத் தலையசைப்பதை அவர் ஒப்பவில்லை. தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்றார். இதில் அவரோடு வழக்கில்லை. நகைச்சுவையைப் பற்றி ஒன்று சொல்லலாம். நம் மேடைகளில் நகைச்சுவை என்றால் காளமேகத்தின் சிலேடைதான். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒப்புமை கூறிக் கைதட்டல் வாங்காத பேச்சாளர் குறைவு. எனக்கும் காளமேகம் பிடிக்கும். ஆனால் ஒருமுறை அவிழ்த்த முடிச்சை மறுமுறை அவிழ்ப்பதில் என்ன இன்பம்? குற்றாலக் குறவஞ்சியில் சிங்கனும் சிங்கியும் பேசும் பேச்சு அப்படியன்று. எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வரும். அங்கே நகை சொல்லில் இல்லை, ஆளில் இருக்கிறது.

இனி, வழக்குக்குரிய இடத்துக்கு வருவோம். கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் வழங்குகின்றன. அவற்றுள் பெரும்பகுதியை இடைச்செருகல் என்று டி. கே. சி. தள்ளினார். தள்ளியதோடு அமையாது, கொண்ட பாடல்களிலும் தம் செவிக்கு ஒவ்வாத சொற்களை மாற்றினார். சான்று ஏடன்று, தம் உள்ளமே. அவர் அன்பர்கள் இதனைக் கம்பனை மீட்ட செயல் என்பர். புலவர்களோ கொதித்தனர்.

நான் புலவர் பக்கமே நிற்பேன்; ஆனால் காரணம் வேறு. பதிப்பு நெறி தவறியது என்பது மட்டும் என் குறையன்று. 'இது எனக்குப் பிடிக்கும், நீயும் பார்' என்று நண்பனிடம் நீட்டும்போது, 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லும் உரிமையும் அவனுக்கு உண்டு அன்றோ? அவ்வுரிமை இருந்தால்தான் அது பகிர்வு. பாட்டையே மாற்றிக் கொடுத்துவிட்டால், நண்பன் எதனோடு ஒப்பிட்டு மறுப்பான்? உ. வே. சாமிநாதையர் தாம் கண்ட பாடபேதங்களை ஏட்டில் உள்ளவாறே குறித்து வைத்தார். தமக்குப் பிடித்த பாடம் இது என்றவர், பிடிக்காததையும் மறைக்கவில்லை. அப்பெரியாரை உணர்ச்சியற்ற ஏட்டுப் புலவர் என்று எள்ளுவோர், வாசகனுக்கு அவர் காட்டிய இம்மதிப்பை மறந்துவிடுகிறார்கள். 'பிடித்த ஐம்பது பாட்டு' என்று ஒரு தொகை வந்தால் ஒருவரும் சண்டையிடார். 'இவையே கம்பன்' எனும்போதுதான் சண்டை.

ஆயினும், டி. கே. சி.யை ஒதுக்கிவிட்டுக் கம்பனைக் கற்பிக்கப் புகுவது பேரிழப்பு. தமிழாசிரிய அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது: 'கம்பர் தரும் ராமாயண'த்தை ஒரு கையிலும், சென்னைக் கம்பன் கழகப் பதிப்பை மறு கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டை இரண்டிலும் படித்துக் காட்டி, எது பிடித்தது, ஏன் என்று மாணவரைக் கேளுங்கள். சில இடங்களில் அவர்கள் ரசிகமணியின் பக்கமே சாய்வார்கள்.