பிளேக் எங்கிருந்து வந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் தூக்கம் வராத அதிசயமான ஒரு நாளில், பழைய கறுப்பு வெள்ளை இந்திப் படம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். 'டாக்டர் கோட்னிஸ் கி அமர் கஹானி'. 1946-ல் வந்தது. வி. சாந்தாராம் டைரக்ட் செய்து, அவரே ஹீரோவாகவும் நடித்தது. என் இந்தி 'தோடா தோடா' ரகம். பாதி புரிந்தது. மீதியை முகங்களைப் பார்த்து ஊகித்துக்கொண்டேன்.

கோட்னிஸ் யார்? உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

1937-ல் ஜப்பான் சீனாவுக்குள் புகுந்தது. அடிபட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. டாக்டர்களை அனுப்புங்கள் என்று சீனத் தளபதி ஜூ தே நேருவுக்குக் கடிதம் எழுதினார். 1938-ல் காங்கிரஸ் தலைவராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். நாடு முழுக்க வசூல் செய்தார்கள். அந்த வருடம் செப்டம்பரில் ஐந்து டாக்டர்கள் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார்கள். அதில் ஒருவர் சோலாப்பூர்க்காரர் துவாரகாநாத் கோட்னிஸ். வயது 27. நாமே அடிமையாக இருந்துகொண்டு இன்னொரு நாட்டின் காயத்துக்குக் கட்டுப்போட ஆள் அனுப்பியிருக்கிறோம், யோசித்துப் பாருங்கள்!

போன சில மாதங்களில் ஊரிலிருந்து அப்பா இறந்த சேதி வந்தது. திரும்பிப் போகலாம் என்றார்கள். கோட்னிஸ் போகவில்லை. 1939-ல் யெனான் போய், அங்கிருந்து வடக்கே, போர்முனையை ஒட்டிய மலைக் கிராமங்களுக்குப் போனார். இரும்புக் கட்டிலும் நர்ஸ் குவார்ட்டர்ஸும் உள்ள ஆஸ்பத்திரி அல்ல அது. ஜப்பான்காரன் நெருங்கினால் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த கிராமத்துக்கு நகரும் ஆஸ்பத்திரி. 1941-ல் அதற்கு அவரே டைரக்டர் ஆனார். நர்ஸிங் சொல்லிக்கொடுத்த குவோ சிங்லான் என்ற சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1942 ஆகஸ்டில் ஆண் குழந்தை. பெயர் யின்ஹுவா. 'யின்' என்றால் இந்தியா, 'ஹுவா' என்றால் சீனா. டிசம்பர் 9-ம் தேதி கோட்னிஸ் இறந்துபோனார். வயது 32. குழந்தைக்கு நாலு மாதம்கூட ஆகவில்லை.

கே.ஏ. அப்பாஸ் இதைப் புத்தகமாக எழுதினார். 'ஒருவர் மட்டும் திரும்பி வரவில்லை' என்கிற மாதிரியான தலைப்பு. அதிலிருந்துதான் சாந்தாராம் படம் எடுத்தார். மனைவியாக நடித்த ஜெயஸ்ரீ, அப்போது சாந்தாராமின் நிஜ மனைவியும்கூட. சீனர்கள் எல்லோரும் சுத்தமான இந்தி பேசுகிறார்கள். இருபத்தேழு வயசு டாக்டராக வரும் சாந்தாராமுக்கு அப்போது நாற்பத்துச் சொச்சம். (நானும் நாற்பதுகளில் இருப்பதால் இதை மேற்கொண்டு கிண்டல் செய்வதாக இல்லை.) வசந்த் தேசாயின் இசை நன்றாக இருக்கிறது. ஒருவர் இறந்து நாலு வருடத்துக்குள் எடுத்த படம் என்பதால், அந்த ஈரம் பல இடங்களில் தெரிகிறது.

ஆனால் ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

படத்தில் ஊரில் பிளேக் வருகிறது. டாக்டர் அதற்கு மருந்து கண்டுபிடிக்கிறார். நடுவில் ஜப்பானியர்களிடம் மாட்டித் தப்பிக்கிறார். கடைசியில் அந்தப் பிளேக்கே அவரைக் கொண்டுபோகிறது. தியேட்டரே விசும்பியிருக்கும்.

நிஜத்தில் கோட்னிஸ் பிளேக்கால் சாகவில்லை. அவருக்கு இருந்தது வலிப்பு நோய். அடுத்தடுத்து வந்த வலிப்பில்தான் உயிர் போனது.

அப்படியானால் பிளேக் எங்கிருந்து வந்தது?

எனக்குத் தெரியும் ஸார், எங்கிருந்து வந்தது என்று. எங்கள் வீட்டிலிருந்து வந்தது. உங்கள் வீட்டிலிருந்தும்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். கணக்கில் புலி. நான் பி.காம். பாஸ் செய்ததற்குப் பாதிக் காரணம் அவர்தான். அவருக்கு வலிப்பு உண்டு. வரும்போது யாராவது ஓடிப்போய் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். (அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார்கள் டாக்டர்கள்.) அடுத்த நிமிஷமே வாசல் கதவைச் சாத்துவார்கள். அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாது. ஒருநாள் அப்படியே போய்ச் சேர்ந்தார். வந்தவர்களிடமெல்லாம் பாட்டி சொன்னது, "திடீர்னு மார்வலிப்பா..." பதிமூன்றாம் நாள் வரைக்கும் மார்வலிதான். இன்று வரைக்கும் மார்வலிதான். ஏன் என்றால் வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். இந்து திருமணச் சட்டத்திலேயே, அடிக்கடி வலிப்பு வருகிறவர் கல்யாணத்துக்குத் தகுதியில்லாதவர் என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருந்தது. 1999-ல்தான் அதை எடுத்தார்கள். சட்டமே அப்படிச் சொல்லும்போது பாட்டி என்ன செய்வாள்?

சாந்தாராமின் மனசில் இதுதான் ஓடியது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. சினிமாவுக்கு உச்சகட்டம் வேண்டும், எதிரி வேண்டும் என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் விளைவு ஒன்றுதான். தியாகிக்கு ஒரு 'கௌரவமான' சாவு கிடைத்துவிட்டது. அவருக்கு முன்னால் அதே மலைகளில் வேலை பார்த்த கனடா டாக்டர் நார்மன் பெதூன் 1939-ல் இறந்தார். ஆபரேஷனின்போது விரலில் வெட்டுப்பட்டு, ரத்தத்தில் விஷம் ஏறி மரணம். கோட்னிஸ் பொறுப்பேற்ற ஆஸ்பத்திரிக்கு அவர் பெயர்தான். பெதூன் கதையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பணியில் பட்ட காயம், பளிச்சென்று புரிகிறது. வலிப்பு அப்படி இல்லையே என்று நமக்குத் தோன்றுகிறது.

அப்படித் தோன்றுவதுதான் தப்பு. நிஜக் கோட்னிஸைப் பாருங்கள். எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாத ஒரு நோய். மருந்துக்குப் பஞ்சமான மலைக் கிராமம். ஓய்வெடுக்கலாம், ஊருக்குப் போகலாம். போகவில்லை. சீன மொழி கற்று, அதிலேயே மாணவர்களுக்கு அறுவை சிகிச்சைப் பாடப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். புத்தகம் முடியவில்லை. ஜப்பான்காரனிடமிருந்து தப்பி ஓடுவதைவிட இது எனக்குப் பெரிய வீரமாகப் படுகிறது. படம் எதை மறைத்ததோ அதில்தான் அவருடைய உயரமே இருந்தது.

முடிவும் அப்படியே. படத்தில் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சோலாப்பூர் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். திரும்பி வராத பிள்ளைக்குப் பதிலாக ஒரு பேரனாவது வரட்டுமே என்கிற ஆசை. 1946-ல் அந்த ஆசையைப் புரிந்துகொள்ள முடிகிறது. நிஜத்தில் குவோ சிங்லான் சீனாவிலேயே இருந்தார். இந்தியாவுக்குப் பல முறை வந்து உறவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அப்பாவைப் போலவே மருத்துவம் படித்த யின்ஹுவா 1967-ல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகும் நாற்பத்தைந்து வருடம் அந்த அம்மாள் உயிரோடு இருந்தார். 2012-ல் காலமானார். இதையெல்லாம் எந்த உச்சகட்டக் காட்சியில் அடக்குவது?

சீனர்களுக்கு அவர் 'கே திஹுவா'. ஷிஜியாஜுவாங் நகரத்துத் தியாகிகள் மயானத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவர் பெயரில் அங்கே ஒரு மருத்துவப் பள்ளியும் நடக்கிறது. சீனா அவருக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது 1982-ல். அதே வருடம் அவர்களும் ஒரு படம் எடுத்தார்கள். நாம் ஸ்டாம்ப் வெளியிட்டது 1993-ல். நடுவில் 1962 யுத்தம் வந்து, சீனாவுக்காக உயிர் விட்ட ஒருவரை எந்த அலமாரியில் வைப்பது என்று நமக்குப் புரியாமல் போய்விட்டது என்பது என் அனுமானம்.

சரி, படம் பார்க்கலாமா? கட்டாயம் பாருங்கள். சாந்தாராம் எடுத்திராவிட்டால் கோட்னிஸ் என்ற பெயரே நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வந்து சேர்ந்திருக்காது. அந்தக் கடன் நமக்கு இருக்கிறது. ஆனால் கூடவே உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகளிடம், பிளேக் காட்சி வரும்போது, "இது கதைடா, நிஜத்துல அவருக்கு வலிப்பு இருந்தது, அதோடதான் இவ்வளவும் செஞ்சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் தெருவிலேயே, சாத்திய கதவுக்குப் பின்னால், அதைக் கேட்க வேண்டிய ஒரு பிள்ளை இருக்கலாம்.

இறந்தவரைக் கௌரவிக்க மாலை, சிலை, ஸ்டாம்ப் எல்லாம் வேண்டியதுதான். அதற்கு முன்னால், அவர் எதனால் இறந்தார் என்பதை உள்ளபடி சொல்லலாம்.

படம் முடிந்ததும் சித்தியின் பெண்ணுக்குப் போன் செய்தேன். "சித்தப்பாவுக்கு வந்தது மார்வலி இல்லைன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்ணா. நீங்க யாராவது சொல்வீங்களான்னுதான் இத்தனை வருஷமா காத்துண்டிருந்தேன்" என்றாள்.